வாடிக்கையாளர் கையிலுள்ள போன்தான் இனி நம் புரூஃப் தாளா?

கெடிலக்கரை | கடலூர், மஞ்சக்குப்பம்

வடிவமைப்பாளர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரே ஒப்பாரிதான். லோகோவைப் பெரிதாக்கச் சொல்கிறார், சிவப்பு இன்னும் பளிச்சென்று வேண்டுமாம், மருமகன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வாடிக்கையாளருக்கு ரசனை இல்லை என்று சொல்வதற்கு முன்னால், நம் வேலையை அவர் எதில் பார்க்கிறார் என்று ஒருமுறை யோசிக்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நாம் ஒரு பெட்டிக்கு வடிவம் போட்டு, அதை ஜேபெக் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, சின்ன எழுத்துகளைக் கலங்கடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரவு ஆனால் அவர் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை தானாக வந்துவிடும். நம்முடைய வெள்ளை அங்கே சந்தனமாகிவிடுகிறது. ஓஎல்இடி திரையாக இருந்தால் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். பத்து அங்குலப் பெட்டி, ஆறரை அங்குலத் திரையில் பட்டன்கள் போக மிச்சமுள்ள இடத்தில் ஒடுங்கி நிற்கிறது. அங்கே பெயர் சிறிதாகத்தான் தெரியும். பெரிதாக்கச் சொல்லாமல் அவர் வேறு என்ன சொல்வார்?

அண்மையில் நடந்தது ஒன்று. பண்ருட்டி முந்திரியைக் கால் கிலோ, அரைக் கிலோ அட்டைப் பெட்டிகளில் போட்டு விற்கும் கடை, திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துப் பக்கம். முன்பக்கத்தில் கடையின் பெயர். பெரிதாக்குங்கள் என்றார், பெரிதாக்கினேன். இன்னும் என்றார். பெயர் பெட்டியின் விளிம்பை முட்டியதும் போன் பேச்சை நிறுத்திவிட்டு, உண்மையான அளவில் அட்டையில் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டி, நாலைந்து டம்மிப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். வழக்கமாக எப்படி அடுக்குவீர்களோ அப்படியே அடுக்குங்கள் என்றேன்.

படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முன்பக்கம் கூரையைப் பார்த்துக் கிடந்தது. கல்லாவுக்கு எதிரே நிற்பவர் கண்ணில் படுவது இரண்டு விரற்கடை அகலமுள்ள பக்கவாட்டு மட்டும். அதில் இருந்தவை விலை, பேக் செய்த மாதம், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண். சட்டப்படி எங்காவது இருந்தாக வேண்டியவை ஒதுங்கும் இடம் அது. அவர் கீழிருந்து ஒரு பெட்டியை உருவிப் பார்த்தார், திரும்பச் செருகினார். "பெயரை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முன்னால் இருப்பது எப்படி இருந்தால் என்ன" என்றார். முன்பக்கப் பெயர் தொடங்கிய அளவுக்கே திரும்பியது. அளவைப் பற்றி அதன்பின் ஒரு பேச்சும் இல்லை.

முதல் பார்வைக்குப் படம் அனுப்புவதை இப்போது அடியோடு விட்டுவிட்டேன். பொருள் எங்கே இருக்கப் போகிறதோ அங்கே, அதன் அளவிலேயே கொண்டுபோய்க் காட்டுகிறேன். மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


ஈயஎழுத்து | புதுச்சேரி, முத்தியால்பேட்டை

தம்பி, அச்சுக்கோர்த்த காலத்திலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான். தாத்தா பெயர் மாமனார் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று கல்யாணப் பத்திரிகையில் விரலால் அளந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே வித்தியாசம், அன்றைக்கு அச்சு ஓடும் முன் சரிபார்க்க எடுக்கும் புரூஃப் தாள் என்று ஒன்று இருந்தது. அதே எழுத்து, அதே மை, அநேகமாக அதே காகிதம். திருத்தம் இருந்தால் சிவப்பு மையில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதற்குப் பிறகு பிழை வந்தால் யார் பொறுப்பு என்பதில் சண்டை கிடையாது. இப்போது கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அது ஒப்புதலா, "வந்து சேர்ந்தது" என்ற தகவலா? பத்தாயிரம் நோட்டீஸ் ஓடி முடிந்த பிறகு தெரியவருகிறது.

உங்கள் டம்மி யோசனை அளவுக்குச் சரி, நிறத்துக்குச் சரியல்ல. நீங்கள் லேசர் பிரிண்டரில் எடுத்த சிவப்பும் எங்கள் ஆஃப்செட் இயந்திரத்துச் சிவப்பும் ஒன்றாக இருக்காது. திரை, வெளிச்சத்தைக் கூட்டி நிறம் காட்டுகிறது. நாங்கள் காகிதத்தின்மேல் நான்கு மைகளை அடுக்கி வெளிச்சத்தைக் குறைத்து நிறம் காட்டுகிறோம். திரையில் மின்னும் அடர்நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். கிளிப்பச்சை சோர்ந்துவிடும். எந்தக் கடவுள் வந்தாலும் நான்கு மையில் அந்தப் பச்சையை எடுக்க முடியாது. ஒரே ஃபைலை ஃபிளெக்ஸில் ஓட்டினால் ஒரு நிறம், ஆர்ட் அட்டையில் ஓட்டினால் இன்னொன்று. ஆகவே டம்மியோடு, அச்சகத்தில் ஏற்கெனவே ஓடிய வேறு வேலையின் தாள் ஒன்றையும் எடுத்துப்போங்கள். "உங்கள் சிவப்பு இப்படி வரும்" என்று கையில் கொடுத்துவிடுங்கள். 

எங்கள் ஊரில் இன்னொரு சோதனை உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இங்கே இயங்குகிறது. பருத்தித் துணிக்கழிவில் செய்யும் காகிதம், தொட்டுப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். அழைப்பிதழுக்கு அதுதான் வேண்டும் என்பார்கள். வடிவமைப்பாளர் திரையில் மயிரிழைக் கோடு, ஆறு பாயின்ட் எழுத்து என்று போட்டுக்கொண்டு வருவார். அந்தக் காகிதம் மையைக் குடிக்கும்; மேடுபள்ளமாகவும் இருக்கும். "ஞ"வின் வயிறு அடைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கும் தடித்த எழுத்தும்தான் பொருந்தும். இதை எந்தத் திரையும் முன்கூட்டிச் சொல்லாது.

போகிற போக்கில் ஒன்று: எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத கோட்டு வடிவமாக, மாற்றாமல் கோரல் மென்பொருள் ஃபைல் அனுப்புகிறவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.


ரெயின்போ_நகர் | புதுச்சேரி

நான் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவன். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை. இரண்டு பெரியவர்களும் போனை வில்லனாக்கியிருப்பதால் மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

உங்கள் முந்திரிக்கடைக்காரருக்குக் கணினி கிடையாது. அவர் பார்க்கும் உலகம் முழுவதும் அந்தப் போனில்தான் இருக்கிறது. அவருடைய பொருளும் பாதி அங்கேதான் விற்கிறது: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கூகுள் மேப்பில் கடைப் படம். பெட்டி அலமாரியில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தீர்கள், சரி. அதே பெட்டி ஸ்டேட்டஸில் கட்டைவிரல் அளவில் எப்படித் தெரிகிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். அங்கே முன்பக்கப் பெயர் பெரிதாக இருப்பதுதான் நல்லது. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

ஆனால் "பயன்படும் இடத்தில் பார்" என்ற அடிப்படையை ஏற்கிறேன். என் வேலையில் அது இன்னும் கடுமையான விதி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனால் நான் மீனைவிட அதிகம் பார்ப்பது அங்குள்ள ஒலிப்பெட்டிகளைத்தான். பணம் வந்தால் "நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சத்தம் போடுமே, அது. மீன் விற்கும் அம்மாவின் இரண்டு கையும் ஈரம், செதில், ஐஸ் தண்ணீர். ஈரக் கையில் தொடுதிரை கேட்காது. தண்ணீர்த் துளியையும் விரலாக எண்ணிக்கொண்டு தவறான இடத்தில் அழுத்திவிடும். சேலையில் கையைத் துடைத்து, போனை எடுத்து, பூட்டைத் திறந்து, குறுஞ்செய்தி வந்ததா என்று தேடுவதற்குள் அடுத்த ஆள் வேறு கூடைக்குப் போய்விடுவார். பணம் வந்த படத்தைப் போலியாகக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. பெட்டி பேசத் தொடங்கிய பிறகு அந்த அம்மா தலையை நிமிர்த்துவதே இல்லை. மீனை வெட்டிக்கொண்டே காதால் கணக்கு முடிக்கிறார்.

திரையே இல்லாத அந்தப் பெட்டிதான் கடந்த பத்தாண்டில் நம் ஊரில் நான் பார்த்த ஆகச் சிறந்த வடிவமைப்பு. திரை வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிற நானே சொல்கிறேன்.


கெடிலக்கரை

ஸ்டேட்டஸ் விஷயம் நல்ல அடி. ஸ்டேட்டஸுக்குப் பெட்டியையே படம் பிடித்துப் போடுவதைவிட அதற்கென்று தனியாக ஒரு படம் செய்து கொடுப்பதுதான் வழி என்று நினைக்கிறேன். இரண்டு வேலையையும் ஒரே முன்பக்கத்தின் தலையில் கட்ட வேண்டாம். ஒலிப்பெட்டி குறித்து முழுச் சம்மதம். அதற்கு மாத வாடகை பிடிக்கிறார்கள் என்ற எரிச்சல் மட்டும் உண்டு.


தூரிகை | புதுச்சேரி, உப்பளம்

நான் பலகை எழுதுகிறவன். ஃபிளெக்ஸ் வந்து எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டது. இப்போது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பகுதியான வெள்ளை நகரத்தின் காபிக்கடைகள், கையால் எழுதிய பலகைதான் வேண்டும் என்று தேடி வருகின்றன. மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலத்தகட்டில் வெள்ளை எழுத்து. பத்துக் கடை வந்தால் பத்தும் இதையே கேட்கும். அந்த வீதிகளின் பெயர்த்தகடுகளில் பிரெஞ்சுக்குக் கீழே தமிழும் இருப்பது மட்டும் அவர்கள் கண்ணில் படாது. தமிழிலும் எழுதலாமே என்றால் "தோற்றம் கெட்டுவிடும்" என்பார்கள். கடலூர்ப் பக்கம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் கடைப்பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற விகிதம் விதியாகவே இருக்கிறது. அந்த விதியை யார் மதிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

அளவு பற்றிய பேச்சுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். சாலைக்கு எதிர்ப்புறம் அறுபதடி என்றால் ஆறு அங்குல எழுத்து. இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் "ணை", "ஞூ", "ஷ்" எல்லாம் உள்ளே நெருக்கம், மேலே புள்ளி, பக்கத்தில் கொம்பு. நான் ஒன்றரைப் பங்கு போடுவேன். வாடிக்கையாளரை எதிர்ப்புறத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, தாளில் ஒரே ஒரு எழுத்தை வெட்டி ஏணிமேல் நின்று பிடிப்பேன். தெரிகிறது என்று கை காட்டினால் அதுதான் அளவு.

கோபம் வரவழைக்கும் விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். உணவு விடுதி மேசைகளில் மெனுவுக்குப் பதிலாக ஒட்டும் க்யூஆர் கட்டம். சந்தன நிறத்தின்மேல் இளம்பழுப்புக் கட்டம், நடுவில் பெரிய லோகோ, நாலு பக்கமும் பூவேலை, மேலே பளபள லேமினேஷன். வெயில் பட்டால் கண்ணாடி. வந்தவர் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மெனு இருக்கிறதா?" என்று கேட்கிறார். மெனுதான் இல்லையே.


ரெயின்போ_நகர்

தூரிகை அண்ணா, அந்தக் கட்டத்துக்கும் விதிகள் இருக்கின்றன. சுற்றிலும் நான்கு சிறுகட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். பூவேலை அதைத்தான் தின்றுவிடுகிறது. நடுவில் லோகோ வைத்தாலும் படிப்பதற்குக் காரணம், அதில் பிழைதாங்கும் தகவல் சேர்ந்திருப்பது. உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீட்டுக்கொள்ளும், கீழ் நிலையில் 7 சதவீதம்தான். லோகோவுக்கே அதைச் செலவழித்துவிட்டால் சாம்பார்க் கறைக்கு மிச்சம் இருக்காது. 1994இல் ஜப்பானில் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவான பொருள் இது, தொழிற்சாலை அழுக்கைத் தாங்கவே செய்தது. நாம் அழகுபடுத்தியே அதைக் கொன்றுவிடுகிறோம்.


கடைக்காரன் | நெல்லிக்குப்பம்

நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த வாடிக்கையாளர் வந்திருக்கிறேன். வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கிற கடை. டிவி, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின்.

முதலில் உங்கள் பேச்சுக்கு ஒத்து ஒன்று சொல்கிறேன். கடையில் டிவிகளை எப்போதும் கடைக்கான அமைப்பில்தான் ஓடவிடுவோம். வெளிச்சம் உச்சத்தில், நிறம் உச்சத்தில். பத்து டிவி வரிசையாக எரியும்போது மங்கலாக இருப்பதை எவரும் வாங்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனதும் நல்ல நிறுவனத்து ஆள் வந்து அதைக் குறைத்துவிட்டுப் போவார். குறைக்காத வீடுகளில் நடிகர்களின் முகம் தக்காளியாக இருக்கும். வாஷிங் மெஷினும் இப்படித்தான். நீலமாக ஒளிரும் தொடுபட்டை உள்ளதைத்தான் இளைஞர்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கூட அவர்கள் அம்மா வந்திருந்தால் கதை வேறு. திருகும் குமிழ் உள்ளதன் முன்னால் போய் நின்று, டக் டக்கென்று இரண்டு முறை திருப்புவார். எந்த இடத்தில் நிற்கிறது என்பது கையிலேயே தெரிகிறது. தொடுபட்டை வாங்கிப்போனவர்களில் சிலர் ஒரு வாரத்தில் போன் செய்து, பீப் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். விற்பது விளக்கு, உழைப்பது குமிழ்.

இப்போது என் வழக்கு. கடைப்பலகைக்கும் பில் புத்தகத்துக்கும் ஒருவரிடம் லோகோ செய்தேன், கேட்ட பணத்தைக் கொடுத்தேன். கிளைக்கடை திறக்கும்போது ஃபைலைக் கேட்டால், "ஜேபெக் தருகிறேன், மூல ஃபைல் தர முடியாது" என்கிறார். எவ்வளவு சின்னத் திருத்தம் என்றாலும் அவரிடமே போக வேண்டும். என் கடையின் பெயர், என் பணம், அது எப்படி அவர் பொருளாகும்? திருத்தம் கேட்டால் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். இதற்கு யார் சிரிப்பது?


கெடிலக்கரை

கடைக்கார அண்ணா, டிவியை வைத்து நீங்கள் சொன்ன அளவுக்கு நறுக்கென்று நான் சொல்லவில்லை. நாம் அனுப்பும் படமும் கடை அமைப்பில் எரிகிற டிவிதான்.

லோகோ வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நியாயம் என்ன என்பதும் கொஞ்சம் விலகி நிற்கின்றன. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். பணம் கொடுத்ததால் மட்டும் எல்லாம் கைமாறிவிட்டது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். எழுதாததால் எல்லாம் தன்னிடமே இருக்கிறது என்று வடிவமைப்பாளர் நினைக்கிறார். இருவரும் ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

சட்டம் கிடக்கட்டும். ஒரு கடையின் லோகோவுக்கு முழுப்பணம் வாங்கிய பிறகு மூல ஃபைலைப் பிடித்துவைத்துக்கொள்வது, என் பார்வையில், அடகுக்கடை வேலை. நான் பிடிஎஃப், எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத, திருத்தக்கூடிய வெக்டர் ஃபைல், நிற எண்கள், எழுத்துருவின் பெயர் எல்லாவற்றையும் கடைசித் தவணை வந்த அன்றே கொடுத்துவிடுவேன். தொடர்ந்து என்னிடம் வர வேண்டும் என்றால் வேலை நன்றாக இருப்பதால் வரட்டும்.


தூரிகை

நல்லவராகவே இருங்கள் கெடிலக்கரை. ஃபைலைக் கொடுத்த மறுவாரம் அதே லோகோவைத் தெருமுனை ஃபிளெக்ஸ் கடையில் நீட்டி இழுத்து, ஓரத்தில் நிழல் கொடுத்து, பின்னால் சூரியனை உதிக்கவிட்டுத் தொங்கவிடுவார்கள். கீழே வடிவமைத்தவர் என்று உங்கள் பெயரும் இருக்கும்.


கெடிலக்கரை

இருந்திருக்கிறது. பெயரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.


வரவு_செலவு | கடலூர்

கணக்குப் பார்க்கிறவன். உங்கள் ஆட்கள் பலரும் சட்டம் தரும் பாதுகாப்பைத் தெரியாமலேயே புலம்புகிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணமே இல்லை. குறு, சிறு தொழில் என்று பதிவாகியிருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் ஒப்பந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. போதாக்குறைக்கு 2023-24 நிதியாண்டு முதல், அப்படி நிலுவையில் வைத்த தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை அவர் தன் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் கணக்காளரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், மார்ச் மாதத்தில் காசோலை பறந்துவரும்.

புதுச்சேரிக்கு வேலை செய்யும் கடலூர்க்காரர்களுக்கு: பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர், ஆனால் வரிக்கு வேறு பிரதேசம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ஐஜிஎஸ்டி, அதாவது மாநில எல்லை தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி, போட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், எல்லை தாண்டிச் செய்யும் வடிவமைப்புச் சேவைக்குப் பதிவே தேவையில்லை. கவனம்: வடிவம் மட்டும் என்றால்தான் இது. அட்டைப் பெட்டியை அச்சடித்து நீங்களே புதுச்சேரிக்கு விற்றால் அது சரக்கு, அங்கே இந்தச் சலுகை செல்லாது.


இரண்டாம்_ஆண்டு | புதுச்சேரி

நுண்கலை படிக்கும் மாணவி. இரண்டு கேள்விகள். ஒன்று, தெரிந்த கடைக்காரர் ஒருவர் மூன்று பேரிடம் இலவசமாக மாதிரி கேட்டு, பிடித்ததற்கு மட்டும் பணம் தருவேன் என்கிறார். ரூபாய்ச் சின்னமே போட்டியில்தானே வந்தது என்றும் சொல்கிறார். செய்யலாமா? இரண்டு, செயற்கை நுண்ணறிவில் அரை நிமிடத்தில் லோகோ வருகிறது. நான் படிப்பதில் பொருள் இருக்கிறதா?


ரெயின்போ_நகர்

முதல் கேள்விக்கு: ரூபாய்ச் சின்னத்தைப் போட்ட உதயகுமார் நம் பழைய தென்னாற்காட்டுக் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், அந்தப் பெருமை நமக்கும் உண்டு. 2010 ஜூலையில் அது ஏற்கப்பட்டது. ஆனால் அரசு விதிகளை முன்பே வெளியிட்டது, பரிசு இரண்டரை லட்சம் என்று சொல்லிவிட்டுத்தான் அழைத்தது. உங்கள் கடைக்காரர் பரிசுத்தொகையையும் விதிகளையும் எழுதிக் கொடுப்பாரா என்று கேளுங்கள். அப்படியே எழுதித் தந்தாலும், ஒரு நாட்டின் நாணயத்துக்குப் போட்டியில் இறங்குவதும் ஒரு ஜூஸ் கடைக்கு இறங்குவதும் ஒன்றாகாது. மாதிரிக்குச் சிறு தொகை கேளுங்கள். மூன்று பேருக்கும் தரட்டும்.


கெடிலக்கரை

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். போன மாதம் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் செய்த லோகோவோடு வந்தார். பார்க்க மோசமில்லை. 1024 பிக்சல் சதுரப் படம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது மூன்றரை அங்குலத்தைத் தொடாது. அவருக்கு வேண்டியதோ பத்தடிப் பலகை. கடைப் பெயரில் ஒரு "லை" இருந்தது. படத்தில் அந்த எழுத்து தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல் நெளிந்து நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் பெயர் அவருக்குத் தெரியும்; நாம் நம் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. அதை வெக்டராக மறுபடி வரைந்து, தமிழைத் திருத்தி, ஒற்றை நிறத்திலும் ரசீது அளவிலும் நிற்கும்படி செய்து கொடுத்தேன். முழு லோகோவுக்கு வாங்கும் பணத்தையே வாங்கினேன்.

இது எத்தனை நாளைக்கு ஓடும்? படத்தின் அளவு கூடும், எழுத்தும் தேறும். ஏற்கெனவே தேறிக்கொண்டு வருகிறது. நாளைக்கே தேவைப்படும் கோயில் திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் ஃபிளெக்ஸ் வகை வேலைகள் கையைவிட்டுப் போய்விடும், பாதி போய்விட்டன. அவற்றுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை, அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துகிற தம்பிகளுக்காகக் கவலைப்படுகிறேன். அந்த மென்பொருளுக்கு முந்திரிப் பெட்டியைப் படுக்கவைத்துத்தான் அடுக்குவார்கள் என்பது தெரியாது. போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். படிப்பை விடாதீர்கள், ஆனால் கல்லூரிக்கு வெளியே கடைகளில் கொஞ்சம் நில்லுங்கள்.


ஈயஎழுத்து

அந்த "லை"யைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்னால் அது துதிக்கை வைத்த எழுத்து. ஈய எழுத்துப் பெட்டியில் தனி அறை. ஆணைக்குப் பிறகு "ை"யும் "ல"வும் போதும். பிறகு கணினி வந்தது. ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. ஒருவர் பாமினி எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் குப்பை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற பொதுக் குறியீடுகளைத் தரமாக அறிவித்த பிறகும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன, ஏனென்றால் பழைய பேஜ்மேக்கரும் பழைய கோரலும் யூனிகோடுத் தமிழைச் சிதைத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துக்கான பொறியைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை, பவனம் எல்லாம் கூகுளில் இலவசம், கடை வேலைக்கும் உரிமம் உண்டு. திருட்டு எழுத்துருவுக்கு இனிமேல் சாக்கு இல்லை.


கடைக்காரன்

கிளைக்கடைப் பலகைக்கு உங்களில் ஒருவரைத்தான் கூப்பிடப் போகிறேன். எதிர்ப்புறம் திண்ணை இல்லை, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. கெடிலக்கரை, மூல ஃபைல் தருவதாகச் சொன்னதை எழுதிக் கொடுப்பீர்களா?


கெடிலக்கரை

தருகிறேன் அண்ணா. திருத்தம் எத்தனை முறை என்பதும் அதே தாளில் இருக்கும்.


இரண்டாம்_ஆண்டு

கடைசியாக ஒன்று. டம்மிப் பெட்டி செய்தால் மடிப்பில் அட்டை வெடித்து வெள்ளை தெரிகிறது. எந்த அட்டை வாங்குவது?


ஈயஎழுத்து

300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம், ஆர்ட் அட்டை போதும் அம்மா. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார், எளிதாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுகிறதோ அதுதான் நார் ஓடும் திசை. நீள மடிப்பு அதன் வழியாகவே வரும்படி படத்தை வைத்து அச்சடி. மடிக்கும் கோட்டில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் வெடிக்காது. அப்படியும் வெடித்தால் அதே நிற ஸ்கெட்ச் பேனாவை ஓரத்தில் ஓட்டிவிடு, அலமாரியில் எவருக்கும் தெரியாது.